நான்கு பித்தளைக் கோடுகள்

சென்ற வாரம் ட்ராமில் எங்கே இறங்குவதென்று தெரியாமல் கடைசித் தரிப்பிடம் வரை போன கதையை எழுதியிருந்தேன். வாசித்துச் சிரித்ததாக இரண்டு பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. எழுதலாமா விடலாமா என்று பல நாள் யோசித்தேன். இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால், நான் ஏதோ அப்பாவி மனிதன் என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மூன்று மணி இருக்கும். மெல்பேர்னில், கார்ல்டன் பகுதியில் நான் வேலை செய்த அச்சகத்தின் பின்பக்கம். மேசையில், பிழை பார்க்க அடித்த, மை காயாத புரூஃப் ஒன்று கிடக்கிறது. அதைப் பார்த்தபடி ஹெர்ஷல் ஜெலிக்மான் நிற்கிறார். அறுபதை நெருங்கிய மனிதர். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருக்கிறார். தையல் தொழிற்சாலையில் இருந்து நேரே வந்ததால் கோட்டுக் கையில் வெள்ளை நூல் ஒன்று ஒட்டியிருக்கிறது.

தாளில் பதினொரு பெயர்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக, நடுவில். சுற்றி நாலு பக்கமும் தடித்த கறுப்புக் கோடு.

அவருடைய விரல் தாளில் படாமல், ஒரு அங்குலம் மேலே, பெயர் பெயராக இறங்கியது. பத்தாவது பெயர் வரை ஒரே வேகத்தில் வந்தது. பதினோராவது பெயரில் நின்றுவிட்டது.

“இந்தக் கறுப்பு ஆர் போட்டது?” என்று கேட்டார்.

“நான்தான் சேர்.”

“ஏன்?”

“எங்கட ஊரில செத்தவையின்ர பேரை அடிச்சால் இப்பிடித்தான் போடுறது.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்தபடி, “பத்துப் பேருக்குச் சரி,” என்றார். “பதினோராவது என்ர தங்கச்சி. அவவைப் பற்றி எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.”

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. என் ஆங்கிலம் அச்சுக்கூடத்து ஆங்கிலம். அவர்கள் சொன்னது என் வீட்டுத் தமிழில்தான் எனக்குள் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நர்ஸின் புருஷன்

நான் யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். அதன்பிறகு அச்சுக்கூடம். என் மனைவி புவனம் நர்ஸ். அவுஸ்திரேலியக்காரர் வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் கதவைத் திறந்த புதிதில், அவளுடைய படிப்புக்காகத்தான் எங்களுக்கு விசா கிடைத்தது. விமான நிலையத்தில் தாள்களைப் பார்த்த அதிகாரி அவளிடம் ஆறு கேள்வி கேட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. யாராவது என்னிடம் கேள்வி கேட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பேன். ஊரிலும் அப்படித்தான். கலியாண வீட்டில் பந்தியில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

ஆனால் எழுத்துக் கோப்பேன். இங்கிலீஷ் எழுத்தும் கோப்பேன். கொழும்பில் சில வருடம் இங்கிலீஷ் அச்சகத்தில் நின்றதில் கை பழகிவிட்டது. வசனத்தின் பொருள் பாதிதான் விளங்கும். ஆனால் பிழை இருந்தால் கண்ணில் குத்தும்.

கார்ல்டன் அச்சகத்தில் புத்தகத்தின் உள்ளே வரும் பந்திகளை மெஷினில் ஒருவர் வரி வரியாக ஈயத்தில் வார்ப்பார். தலைப்பு, முன்பக்கங்கள், சமர்ப்பணம் போன்றவற்றைக் கையால் கோப்பது என் வேலை. போர்மன் பெயர் லெஸ். நல்ல வேலைக்காரர். செல்லத்துரை என்ற பெயரை முதல் நாள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் “சார்லி” என்றார். அன்றிலிருந்து சார்லி.

ஹெர்ஷல் மட்டும்தான் கேட்டார். “உம்மட அம்மா வைச்ச பேர் என்ன?” சொன்னேன். அவர் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, அடுத்த முறை வரும்போது தடக்காமல் சொன்னார்.

பள்ளிக்கூடத்துப் படம்

அவர் யூதர் என்பது எனக்கு முதலில் தெரியாது. தெரிந்தபிறகும் அதன் பாரம் தெரியாது.

நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடம். சைவப் பிள்ளைகள்தான் அதிகம், ஆனாலும் காலையில் வேதபாடம் உண்டு. வாத்தியார் சுவரில் தொங்கவிடும் படங்களில் ஒன்றில், வளைந்த மூக்கும் மஞ்சள் சால்வையுமாக ஒருவன் இருட்டில் நிற்பான். “இவன்தான் காட்டிக்கொடுத்தவன், யூதன்,” என்பார். ஆண்டவரும் அவருடைய தாயும் சீடர்களும்கூட யூதர்கள்தான் என்று அவர் சொன்னதில்லை. பெரியவனான பிறகு ஹெர்ஷல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு, “ஆண்டவர் புத்தகம் எழுதியிருந்தால் அந்தாளையும் பப்ளிஷர்மார் பேர் மாத்தச் சொல்லியிருப்பினம்,” என்று சிரித்தார்.

அச்சகத்தில் பகல் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்காரர் ஒருவர் பகிடி விடுவார். “சார்லி, உன்ர கூட்டாளி வந்திட்டார். மூக்கு இப்பத்தான் உள்ள வந்தது, ஆள் வர அஞ்சு நிமிசம் செல்லும்.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு தரமல்ல, பல தரம். மற்ற நாட்களில் என் கறுப்பையும் நான் கொண்டுபோகும் கறி மணத்தையும் வைத்துத்தான் பகிடி. ஹெர்ஷல் வரும் நாட்களில் எனக்கு ஓய்வு. அதை நான் ரசித்தேன் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

பாத்ரூமுக்குச் சண்டை

ஹெர்ஷல் போலந்தில் பிறந்தவர். யூதர்களை அடைத்துக் கொன்ற முகாம் ஒன்றில் இருந்து தப்பி, யுத்தம் முடிந்து கப்பலில் வந்தவர். பகலில் ஃபிளிண்டர்ஸ் லேனில் ஒரு தையல் தொழிற்சாலையில் கோட்டுகளுக்கு இஸ்திரி போடுவார். முதலாளியும் யூதர் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் நேரத்தோடு விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளியில்தான் அச்சகத்துக்கு வருவார். வெள்ளி பொழுதுபட்டால் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும்; வீட்டில் மனைவி அதற்குமுன் மெழுகுதிரி ஏற்றவேண்டும், அதற்குள் போய்விடுவார்.

அவர் எழுதியது சிறுகதைகள். கார்ல்டனில் அவர் முதலில் தங்கிய வாடகை வீட்டைப் பற்றியது. எட்டுக் குடும்பத்துக்கு ஒரு பாத்ரூம். வாரத்தில் யார் எந்த நேரம் குளிப்பது என்பதற்கு ஒரு நீதிமன்றமே நடத்துகிறார்கள். அவர் எனக்கு வாசித்துக் காட்டிய இடங்களில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். கொழும்பில் நாங்கள் இருந்த வீடும் அப்படித்தான்.

எத்தனையோ வருடமாகப் பிரதியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அந்தக் கதையைப் பகிடியாகத்தான் சொல்வார்.

“ஒருத்தன் சொன்னான், நல்லாயிருக்கு, ஆனால் இதில முகாம் இல்லையே, முகாமைப் பற்றிக் கொஞ்சம் சேரும் எண்டு. மற்றவன் சொன்னான், முகாம்காரர் எழுதுறதுகளைச் சனம் வாசிச்சு அலுத்துப்போச்சு எண்டு. நான் முகாமைப் பற்றி ஒரு வசனமும் எழுதேல்லை எண்டன். அதுக்கு அவன், ‘ஆனால் நீர் எழுதினனீர் எண்டு ஆட்களுக்குத் தெரியுமே’ எண்டான்.”

“வேற?”

“வேற ஒருத்தன், இந்த வருசம் தங்களிட்ட ஒரு யூத எழுத்தாளர் இருக்கிறார், போதும் எண்டான். பாத்ரூம் மாதிரித்தான். ஒருத்தர் உள்ளுக்கு இருந்தால் மற்றவர் வெளியில துவாயோட நிக்கவேணும்.”

கடைசியில் ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. எங்கள் அச்சகத்தில் அச்சடிக்கும் பதிப்பகம். அதன் எடிட்டர் மிஸ்டர் பால்மர். உயரமானவர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். எங்களிடம்கூட ‘ப்ளீஸ்’ சொல்லாமல் ஒன்றும் கேட்கமாட்டார்.

அவர் நீலப் பென்சிலால் திருத்திய பிரதி எங்கள் கைக்கு வந்தது. ‘யூதர்’ என்று இருந்த இடமெல்லாம் ‘ஐரோப்பியர்’ ஆகியிருந்தது. பண்டிகை ஒன்று வெறும் ‘விருந்து’ ஆகியிருந்தது. மெஷினில் வார்ப்பவர், “எட்டுக் குடும்பமும் இப்ப ஒரே ஐரோப்பியர். ஆர் ஆரெண்டு எனக்கே தெரியேல்லை,” என்று புறுபுறுத்தார்.

முகப்புப் பக்கத்துக்கு என்னிடம் வந்த துண்டில் ஹெர்ஷல் ஜெலிக்மான் என்ற பெயரே இல்லை. ‘ஹாரி செல்வின்’ என்று இருந்தது. யாரோ வேறொருவரின் புத்தகம் கலந்துவிட்டதென்று நினைத்து லெஸ்ஸிடம் கொண்டுபோனேன். “அவர்தான் இவர்,” என்றார் லெஸ். “கடையில கேக்கிற ஆட்களுக்கு வாயில வராதாம்.”

அடுத்த வெள்ளிக்கிழமை ஹெர்ஷல் அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்களோ?” என்று கேட்டேன். அவரிடம் மட்டும் எனக்குக் கேள்வி கேட்க வந்தது.

“ஓம். பேரம் பேசினனான். முன்பக்கத்தில இருந்து என்ர பேரை எடுத்துப்போடுங்கோ, உள்ளுக்கு ஒரு பக்கம் எனக்குத் தாங்கோ எண்டு. ஒரேயொரு பக்கம். அதில நான் தாற பேருகள், என்ர குடும்பத்து ஆட்களின்ர பேருகள், இருக்கவேணும். பால்மர் ரெண்டு கிழமை யோசிச்சுச் சம்மதிச்சவர்.” சட்டைப்பையில் இருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். “செல்லத்துரை, நான் வேற எல்லாத்தையும் குடுத்திட்டன். இது ஒண்டைத்தான் வைச்சிருக்கிறன். வடிவாக் கோத்துத் தாரும்.”

கல்வெட்டு

எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கோயில் சுவர்தான் ஞாபகம் வரும். இது தாளில் அடிப்பது. இறந்தவரின் படம், வம்சம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எல்லாம் இருக்கும். சின்ன அச்சுக்கூடங்கள் உயிர்வாழ்ந்ததே இந்தக் கல்வெட்டுகளால்தான்.

வீட்டுக்காரர் அழுத கண்ணோடு வந்து பெயர்களை மட்டும் ஒரு துண்டில் எழுதித் தருவார். மற்றதெல்லாம் எங்கள் பொறுப்பு. என்ன எழுத்து, எங்கே விளக்குப் படம், எவ்வளவு தடிப்பில் கரை என்றெல்லாம் அவரிடம் போய்க் கேட்கக்கூடாது. கேட்டால் மரியாதையில்லை. துக்க வீட்டுக்காரரைக் கேள்வி கேட்காமல் செய்துகொடுப்பதுதான் நல்ல அச்சுக்கோப்பவனுக்கு அழகு. கேட்கப் பயந்த எனக்கு அது எவ்வளவு பொருத்தமான தொழில் என்று பாருங்கள்.

ஹெர்ஷலின் தாளைப் பிரித்ததும் நான் பார்த்தது அப்படியொரு துக்க வீட்டுத் துண்டைத்தான். பதினொரு பெயர். படமில்லை, வெண்பாவில்லை. திதி யாருக்குத் தெரியும்?

மெல்பேர்னில் முறை வேறு. மூலத்தில் இல்லாத ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்கக்கூடாது. சந்தேகம் என்றால் போர்மனிடம் கேட்கவேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்று கை தன் பாட்டுக்குப் போனது. பெயர்களைக் கோத்தேன். இசட் எழுத்துகள் எங்கள் பெட்டியில் போதாமல் பக்கத்துப் பெட்டியில் இருந்து எடுத்தேன். பிறகு கறுப்புக் கரை அடிக்கும் தடித்த பித்தளைக் கோடு நாலு எடுத்து, மூலைகள் இடைவெளியில்லாமல் பொருந்த அராவி, சுற்றிக் கட்டினேன்.

நன்றாக வந்திருந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

தங்கச்சி

அதைத்தான் அவர் அந்த வெள்ளிக்கிழமை பார்த்துக்கொண்டு நின்றார்.

“காணாமல் போனவையைத் தேடுற கந்தோர்கள் இருக்கு,” என்றார். “ஒவ்வொரு வருசமும் எழுதுவன். ‘தகவல் இல்லை’ எண்டு பதில் வரும். தகவல் இல்லை எண்டால் செத்திட்டா எண்டு அர்த்தமில்லைத்தானே? என்ர மனிசி செத்த மற்ற ஆட்களுக்கு வருசா வருசம் நினைவு மெழுகுதிரி கொளுத்துவா. தங்கச்சி ரிவ்காவுக்குக் கொளுத்த நான் விடுறதில்லை.”

நான் புரூஃபை ஒதுக்கி, கோத்து வைத்த எழுத்தைக் கிட்ட இழுத்தேன். “மன்னிக்கவேணும் சேர். இப்பவே கழட்டிப்போடுறன். ரெண்டு நிமிச வேலை.”

எழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“பொறும்.”

தெருவில் ட்ராம் ஒன்று போனது. அவர் பதினோராவது பெயரை இன்னொரு தரம் பார்த்தார்.

“முப்பது வருசமா ஆரும் அவவுக்கு ஒண்டும் செய்யேல்லை. நானும் செய்யேல்லை. நீர் செய்திருக்கிறீர்,” என்றார். “இருக்கட்டும். விடும்.”

தொப்பியைப் போட்டுக்கொண்டார். பொழுதுபட இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் போய்விட்டார்.

யார் போட்டது

மிஸ்டர் பால்மர் வழக்கமாகப் புதன்கிழமைகளில்தான் வருவார். அடுத்த கிழமை ஏதோ காரணத்தால் வெள்ளிக்கிழமை வந்தார். கையில் புத்தகத்தின் மேலுறை, புத்தம் புதிதாக, ஹாரி செல்வின் என்று பெரிய எழுத்தில். ஹெர்ஷலும் அப்போதுதான் உள்ளே வந்தார். இரண்டு பேரும் கைகுலுக்கினார்கள்.

பால்மர் புரூஃப்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தார். பெயர்ப் பக்கத்தில் நின்றார்.

“லெஸ், இது என்ன?”

லெஸ் எட்டிப் பார்த்தார். மூலத்தாளை எடுத்து ஒப்பிட்டார். “கரை மூலத்தில இல்லை, சேர்.”

“அதுதான் கேக்கிறன். இது பாத்ரூமுக்குச் சண்டை பிடிக்கிற ஆட்களைப் பற்றின பகிடிக் கதைகள். விக்கிற ஆட்களிட்ட நான் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன். முதல் பக்கத்தைத் திறந்தால் சாவீடு. இதை ஆர் போட்டது, ப்ளீஸ்?”

லெஸ் என்னைப் பார்த்தார். பால்மரும் என்னைப் பார்த்தார். ஹெர்ஷல் பார்க்கவில்லை.

நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு வசனம். ‘நான்தான் சேர் போட்டனான், எங்கட ஊர்ப் பழக்கம், இப்ப கழட்டிவிடுறன்.’ போன வெள்ளிக்கிழமை ஹெர்ஷலிடம் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னேன். நாலு கோட்டையும் கழற்றினால் பால்மருக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயர்கள் அப்படியே இருக்கும். புத்தகம் வெளிவரும்.

நான் தரையைப் பார்த்தேன். தரையில் ஒரு கமா எழுத்து விழுந்து கிடந்தது. அதைக் குனிந்து எடுத்தேன். எடுத்துவிட்டு நிமிரவும் பயமாக இருந்தது.

“நான்தான் போடச் சொன்னனான்,” என்றார் ஹெர்ஷல்.

“நீரோ?”

“ஓம். நான் கேட்டன், அவர் செய்தவர். அவரில பிழை இல்லை.”

பால்மர் புரூஃபை மேசையில் மெதுவாக வைத்தார். குரல் உயரவில்லை.

“மிஸ்டர் ஜெலிக்மான், இதுக்குத்தான் நான் பயந்தனான். எனக்கு யூத நண்பர்கள் இருக்கினம், நான் இதை மனத்தாங்கலோட சொல்லேல்லை. ஆனால் உங்கட ஆட்களோட எப்பவும் இதுதான். ஒண்டுக்குச் சம்மதிச்சால், பின்கதவால வந்து வேலைக்காரனைப் பிடிச்சு இன்னொண்டையும் செய்விப்பியள். முழு உலகமும் உங்களோட சேர்ந்து அழவேணும். இந்தப் பக்கம் வராது.”

“கோட்டைத்தானே கழட்டவேணும்,” என்றார் ஹெர்ஷல்.

“பக்கமே வராது. நம்பிக்கை போயிட்டுது.”

“அப்ப முன்பக்கத்தில என்ர பேரைப் போடுங்கோ.”

“மேலுறை அடிச்சாச்சு.”

“அப்ப புத்தகம் வேண்டாம்.”

நான் நிமிர்ந்தது அப்போதுதான். பால்மரின் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது நிம்மதி. நெடுநாளாக ஒரு காரணத்துக்காகக் காத்திருந்த மனிதனின் முகம் அது. அந்தக் காரணத்தை மூலை பொருத்தி, அராவி, கட்டிக் கொடுத்தவன் நான். அது வெறும் அச்சுக்கோப்பவனின் தவறு என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் காரணம் அவர் கையை விட்டுப் போயிருக்கும்.

ஹெர்ஷல் மூலப்பிரதியைக் கேட்டு வாங்கினார். நீலப் பென்சில் பட்ட தாள்களை ஒழுங்காக அடுக்கி, இரண்டு தரம் மேசையில் தட்டிச் சமன் செய்தார். என் பக்கம் திரும்பவில்லை. போய்விட்டார்.

“சார்லி, அதெல்லாத்தையும் பிரிச்சுப் போடு,” என்றார் லெஸ்.

பிரித்துப் போடுவது என்றால் கோத்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அதனதன் பெட்டி அறையில் போடுவது. பின்னேரம் முழுக்க அதைச் செய்தேன். பதினொரு பேரையும் நான்தான் பிரித்தேன்.

வீட்டில்

புவனம் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவளிடம் மறைக்க எனக்குத் தெரியாது.

“நீங்கள் ஏன் வாய் திறக்கேல்லை?” என்றாள்.

“வேலை போயிருக்கும்.”

“போனால் போகட்டுமே. இந்த வீட்டில அடுப்பு உங்கட சம்பளத்திலையோ எரியுது?”

அவள் குத்திப் பேசுகிறவள் அல்ல. அன்று பேசினாள். அது உண்மையும்கூட. பிள்ளைகள் பட்டினி கிடக்கும் என்ற பயத்தில் நான் வாயை மூடவில்லை. லெஸ் என்னைத் திட்டுவார், பால்மர் என்னைப் பார்ப்பார் என்பதற்குத்தான் பயந்தேன். இரண்டு வெள்ளைக்காரர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தாங்க முடியவில்லை. இதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எழுதவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

“அந்தாள் உங்களுக்காகப் பொய் சொன்னவர்,” என்றாள் புவனம். “நீங்கள் பேசாமல் நிண்டு அதை உண்மையாக்கிப்போட்டு வந்திருக்கிறியள்.”

தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் போனாள்.

செயின்ட் கில்டா

மூன்று கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹெர்ஷலின் வீட்டுக்குப் போனேன். செயின்ட் கில்டாவில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, செங்கல் அடுக்குமாடி. புவனம் கேக் ஒன்று செய்து தந்திருந்தாள். என்ன சொல்லவேண்டும் என்பதை ட்ராமில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

கதவைத் திறந்தவர் அவர்தான். சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. உள்ளே இருந்து வெங்காயம் வதங்கும் மணம் வந்தது. வாருங்கள் என்று சொல்லவில்லை.

“சேர், நான் அண்டைக்கு...” என்று தொடங்கினேன். மனப்பாடம் செய்தது மறந்துவிட்டது. “நான் சொல்லியிருக்கவேணும்.”

“ஓம். சொல்லியிருக்கவேணும்.”

“நீங்கள் ஏன் எனக்காக...”

“உம்மைக் குனிஞ்சுகொண்டு பாக்கேலாமல் கிடந்தது. அதுதான். நான் ஒரு காலத்தில அப்பிடிக் குனிஞ்சவன். ஆனால் எனக்கு முன்னால சுடுறதுக்கு நீட்டின துவக்கு இருந்தது, செல்லத்துரை. உமக்கு முன்னால என்ன இருந்தது?”

நான் கேக்கை மற்றக் கைக்கு மாற்றினேன்.

“நீர் வந்தது, பரவாயில்லை எண்டு நான் சொல்லுறதைக் கேக்க. நான் சொல்லமாட்டன். பால்மர் எனக்குச் செய்ததை நான் விளங்கிக்கொள்ளுவன். அவரைப்போல ஆட்களை எனக்குச் சின்ன வயசில இருந்து தெரியும். நீர் செய்ததைத்தான் வைக்க இடமில்லாமல் திரியுறன்.”

உள்ளே இருந்து அவருடைய மனைவி அவர்களுடைய பாஷையில் ஏதோ கேட்டார். ஹெர்ஷல் அதே பாஷையில் பதில் சொன்னார்.

“நான் இப்பவும் சொல்லலாம் சேர்,” என்றேன். “பால்மரிட்ட. நான்தான் போட்டனான் எண்டு. புதன்கிழமை வருவார்.”

அவர் என்னைப் பார்த்தார். முதன்முறையாக அவர் கண்ணில் ஏதோ அசைந்தது. சிறியதுதான். நம்பிக்கை என்று எழுத எனக்குத் துணிவில்லை.

“சொல்லுவீரோ?”

“சொல்லுவன்.”

“பிரதி என்னட்டத்தான் இருக்கு,” என்றார். “பேர்த் தாளும் இருக்கு. சொன்னால் எனக்கு ஒரு சொல்லு அனுப்பும்.” கேக்கை வாங்கிக்கொண்டார். “உம்மட மனிசிக்கு நன்றி சொல்லும்.”

திரும்பி வரும்போது கடற்காற்று அடித்தது. எனக்கு உடம்பு லேசாக இருந்தது. திங்களும் செவ்வாயும், கையில் எழுத்து எடுக்கும்போதெல்லாம், ஆங்கிலத்தில் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். செவ்வாய்க்கிழமை குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சத்தமாகவே சொன்னேன். ஒரு தடக்கலும் இல்லை. வெளியே புவனத்துக்கும் கேட்டிருக்கும்.

புதன்கிழமை பத்து மணிக்கு மிஸ்டர் பால்மர் வந்தார். மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

“குட் மோர்னிங், சார்லி.”

“குட் மோர்னிங், சேர்,” என்றேன். அடுத்த புத்தகத்தின் முகப்புப் பக்கப் புரூஃபை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன்.